வீட்டுக் கணினிகளுக்கு இடையே கோப்புகள் மெதுவாக நகர்கின்றனவா? கணுக் கணுவாக அளந்து சரிசெய்யும் முறை

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், கூடத்தில் ஒரு மேசைக் கணினியும் படுக்கையறையில் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. தங்கையின் திருமணப் படங்களும் காணொளிகளுமாக 60 ஜிபி அளவுக்கு மேசைக் கணினியில் சேர்ந்திருந்தன. அவற்றை மடிக்கணினிக்கு நகலெடுக்கத் தொடங்கியபோது ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. முன்பு இதே அளவு கோப்புகள் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது நினைவில் இருந்ததால், எங்கோ கோளாறு என்பது மட்டும் விளங்கியது. வீட்டில் முதலில் எழுந்த யோசனை இணையத் திட்டத்தை உயர்த்துவது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 எம்பிபிஎஸ் திட்டமாக மாற்றினோம். மாதக் கட்டணம் கூடியது. நகலெடுக்கும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

குறையவும் வாய்ப்பில்லை. ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகளுக்கு இடையே செல்லும் கோப்பு வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. அது ஒரு கணினியின் வட்டிலிருந்து, அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் ஹார்ட் டிஸ்க் போன்ற இடத்திலிருந்து புறப்பட்டு, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ ரவுட்டரை அடைந்து, அங்கிருந்து மற்றொரு கணினிக்குள் நுழைந்து, அதன் வட்டில் எழுதப்படுகிறது. இணைய இணைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரை இந்தப் பயணம் நடக்கும். எனவே இணைய வேகத்தைச் சோதிக்கும் தளங்கள் காட்டும் எண் இங்கே பயன்படாது. வட்டு, கேபிள், வைஃபை, ரவுட்டர் எனப் பாதையில் உள்ள கணுக்களில் எது மிக மெதுவானதோ, அதன் வேகமே முழுப் பயணத்தின் வேகம். அந்தக் கணு எது என்று அளந்து கண்டுபிடிக்கும் வரை எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம் என்பதே இந்தத் துறைக்குப் புதிதாக வருவோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது.

எண்களைப் படிக்கும் முறை

அளக்கத் தொடங்குவதற்கு முன் இரண்டு அலகுகளைப் பிரித்தறிய வேண்டும். கேபிள், ரவுட்டர், வைஃபை ஆகியவற்றின் வேகம் பிட் கணக்கில், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட், சுருக்கமாக எம்பிபிஎஸ், என்று சொல்லப்படும். கோப்பை நகலெடுக்கும்போது திரையில் தோன்றும் வேகமோ பைட் கணக்கில், நொடிக்கு இத்தனை எம்பி என்று காட்டப்படும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 எம்பி, தகவலுடன் சேர்ந்து செல்லும் முகவரி முதலிய கூடுதல் சுமையைக் கழித்தால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 11 எம்பி. 1000 எம்பிபிஎஸ் வேகமுள்ள கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 110 எம்பி கிடைக்கும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜர் வலையமைப்பின் வேகத்தைப் பிட் கணக்கில் காட்டுவதும், நகலெடுக்கும் பெட்டி அதே வேகத்தைப் பைட் கணக்கில் காட்டுவதும் புதியவர்களை மிகவும் குழப்பும். ஒன்றில் 90 என்றும் மற்றொன்றில் 11 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

எங்கள் வீட்டில் திரையில் நின்றிருந்த எண் 11. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஆடாமல் அசையாமல் 11 என்று நிற்கும் வேகம் நல்ல துப்பு: பாதையில் ஏதோ ஓர் இடம் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் மட்டும் இயங்குகிறது. இதற்கு மாறாக 2, 7, 1, 5 என்று வேகம் ஏறி இறங்கினால் பெரும்பாலும் வைஃபையைச் சந்தேகிக்கலாம். தொடக்கத்தில் மிக வேகமாகப் பாய்ந்து, சில நொடிகளில் சரிந்து விழுந்தால், பெறுகின்ற கணினியின் வட்டைப் பார்க்க வேண்டும். முதல் பாய்ச்சல் நினைவகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்த தகவல், அது நிரம்பிய பிறகுதான் வட்டின் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. நகலெடுக்கும் பெட்டியில் கூடுதல் விவரம் கேட்டால் வரும் வரைபடத்தை ஒரு நிமிடம் பொறுமையாகக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

முதல் சோதனை: ஒரே ஒரு பெரிய கோப்பு

சோதனைக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரே காணொளிக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்டு சோதித்தால் வலையமைப்பின் குறையும் கோப்புகளின் எண்ணிக்கையால் வரும் தாமதமும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் கோப்பை ஒரு திசையில் ஒரு முறையும், எதிர்த் திசையில் ஒரு முறையும் நகலெடுத்து, இரண்டு வேகங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே கோப்பைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டால், எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

இணைப்பு வேகத்தைப் பார்த்தல்

விண்டோஸ் செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதிக்குச் சென்று, ஈத்தர்நெட் அல்லது வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீட்’ என்று ஒரு வரி இருக்கும். இரண்டு கணினிகளிலும் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மடிக்கணினியின் வைஃபை 866 என்று காட்டியது. கேபிளில் இணைந்திருந்த மேசைக் கணினியோ, கிகாபிட் திறனுள்ளதாக இருந்தும், 100 என்று காட்டியது. நோய் மேசைக் கணினிப் பக்கம் என்பது அந்த ஒரு வரியிலேயே உறுதியாயிற்று.

கேபிளில் இணைந்த கணினி 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: கேபிள், ரவுட்டரில் அதைச் சொருகும் துளையான போர்ட், கணினியின் போர்ட். இவற்றுள் அதிகம் பழுதாவது கேபிள்தான், அதற்குக் காரணமும் உண்டு. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். கிகாபிட் இணைப்புக்கோ நான்கு ஜோடிகளும் தேவை. நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு அறுந்துபோவதில்லை; சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிக்கொள்கிறது. விளக்கு எரியும், இணையம் வரும், படம் ஓடும். பெரிய கோப்பை நகலெடுக்கும் நாள் வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுவேதான். போகிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்தபோது இரும்பு பீரோவை நகர்த்தியிருந்தோம். அதன் கால் சுவரோரம் கிடந்த கேபிளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கேபிளை மாற்றியவுடன் லிங்க் ஸ்பீட் 1000 ஆயிற்று. நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 50 எம்பியைத் தொட்டு, 60 ஜிபியும் இருபது நிமிடத்தில் முடிந்தது. உங்கள் வீட்டிலும் கேபிள் செல்லும் வழி முழுவதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், மொட்டை மாடி வழியாகச் செல்லும் கேபிளை எலியோ அணிலோ கடித்திருக்கலாம், பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பட்டு, முனையில் உள்ள உலோகத் தகடுகள் பச்சை பூத்திருக்கலாம். சில நேரங்களில் முனையைக் கழற்றி, கிளிக் என்று ஒலி கேட்கும்படி மீண்டும் சொருகுவதே போதுமானதாக இருக்கும்.

புதிய கேபிள் வாங்க நேர்ந்தால் கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். கேட் 5இ வகையே 100 மீட்டர் தொலைவு வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும் என்பதால், வீட்டுக்கு அதற்கு மேல் கட்டாயமில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்லா நீளத்திலும் கிடைக்கும். விலை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேட்டுவிடுங்கள். பின்னது மடித்தால் எளிதில் உடையும். முனைகளில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் வேலையையும் செய்து தரச் சொன்னால், டெஸ்டரில் வைத்து எட்டு விளக்குகளும் வரிசையாக எரிவதைப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபிள் நன்றாக இருந்தும் 100 என்றே காட்டினால், ரவுட்டரின் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். ஃபைபர் இணைப்புடன் வீட்டில் பொருத்தப்படும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு போர்ட்களில் ஒன்று மட்டுமே கிகாபிட் திறனுள்ளது. மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ் திறனுள்ளவை. வெளியிலிருந்து பார்க்க நான்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பெட்டியின் அடிப்பகுதியிலோ போர்ட்டின் மேலோ குறிப்பு இருக்கும். வேறொரு காரணமும் உண்டு: யாரேனும் எப்போதோ கணினியின் வலையமைப்பு அட்டையில் வேகத்தைக் கையால் ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை) என்று நிலைநிறுத்தியிருந்தால், மறுமுனை அதைக் கண்டறிய முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும்) முறைக்கு இறங்கிவிடும். அப்போது வேகம் 11 கூட இல்லாமல் ஒன்றுக்கும் கீழே போய்விடலாம். அந்த அமைப்பை, இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவுசெய்யும் ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்றே விட்டுவைப்பது நல்லது.

வைஃபை வழியாகச் செல்லும்போது

சென்னை அடுக்ககங்களில் வைஃபையின் சிக்கல் கேபிளின் சிக்கலைவிட ஆழமானது. வைஃபையில் லிங்க் ஸ்பீட் என்று காட்டப்படும் எண் ஓர் உச்ச வரம்பு மட்டுமே. அதில் ஏறத்தாழ பாதிதான் உண்மையில் கிடைக்கும். அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு கணினிகளும் ஒரே அலைவரிசையில் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்) வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு தகவல் துண்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: முதல் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து இரண்டாம் கணினிக்கு ஒரு முறை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டிய ஊடகம் அது என்பதால் வேகம் மீண்டும் பாதியாகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 72 எம்பிபிஎஸ் இணைப்புள்ள இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையே நொடிக்கு இரண்டரை எம்பி கிடைத்தாலே பெரிது. அந்த வேகத்தில் 60 ஜிபி செல்ல ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் எந்தப் பழுதும் இல்லை, இயல்பே அதுதான். ஆகவே முதல் மருந்து, இரண்டில் ஒரு கணினியையாவது கேபிளில் இணைப்பது. இதைச் செய்த பிறகு மீதியைச் செய்யத் தேவையே இல்லாமல் போகலாம்.

அடுத்ததாக, கணினிகள் எந்த அலைவரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் உள்ள தனித்தனித் தடங்கள், 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு தளத்தில் நான்கு வீடுகள் உள்ள கட்டடத்தில் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள அத்தனை ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்ளேயே முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் துளைக்கும் திறனும் குறைவு. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் உள்ள பருத்த செங்கல் சுவர்களைப் போன்றவை இரண்டு குறுக்கே வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் தொலைவிலுள்ள அறைக்குக் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு.

ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. ஃபைபர் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைந்ததோ அந்த மூலையிலேயே, பரணிலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, பல நேரம் இரும்பு பீரோவின் நிழலிலோ அது காலம் தள்ளுகிறது. இரும்புத் தகடு வைஃபை அலையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். இரண்டு மீட்டர் கேபிளைச் சேர்த்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பார்த்து மறுபடியும் அளந்தால், செலவில்லாமலே வேகம் இரண்டு மடங்கானதைக் காணும் வாய்ப்பு உண்டு.

மின்தடைக்குப் பிறகு மட்டும் வேகம் குறைகிறது என்றால், அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. ரவுட்டர் மீண்டும் உயிர்பெறும்போது, ரேடார் பயன்படுத்தும் சில 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்கும் முன் ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதற்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் தயாராகிவிடுவதால் மடிக்கணினி அதைப் பற்றிக்கொள்கிறது. பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் வந்தாலும் மாறாமல் இருந்துவிடுகிறது. வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகும். இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, மடிக்கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும் சேமித்துவைத்தால் இந்தத் தொல்லை வராது. இன்வெர்ட்டரில் ரவுட்டரையும் இணைத்துவிடுவது அதைவிட நல்லது.

வைஃபை எட்டாத அறைக்கென, ரவுட்டரின் அலையைப் பெற்று மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வைத்திருப்பவர்கள், அது ஒரே ரேடியோவைக் கொண்டு வாங்கவும் கொடுக்கவும் செய்தால் வேகம் இன்னொரு முறை பாதியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வட்டை ஒதுக்கிவிட்டு வலையமைப்பை மட்டும் அளத்தல்

இணைப்பு வேகம் சரியாக இருந்தும் நகலெடுப்பது மெதுவாக இருந்தால், குற்றம் வலையமைப்பிலா வட்டிலா என்று பிரிக்க வேண்டும். இதற்கென்றே ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல் உள்ளது. அது வட்டைத் தொடாமல், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தகவலை அனுப்பி வேகத்தைச் சொல்லும். இரண்டு கணினிகளிலும் அதை வைத்துக்கொண்டு, ஒன்றில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நிரலின் பெயரையும், ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோட்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எஸ்’ஸையும் தட்டுங்கள், அது காத்திருக்கும். மற்றொன்றில் சிறுகோட்டை அடுத்து ‘சி’ என்ற சிற்றெழுத்தையும், ஓர் இடைவெளி விட்டு முதல் கணினியின் வலையமைப்பு முகவரி எண்ணையும், எடுத்துக்காட்டாக 192.168.1.10 என்று, தட்டுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனியார் வலையமைப்புக்கு மட்டும் அனுமதியுங்கள். பத்து நொடியில் விடை வரும். கிகாபிட் கேபிளில் 930 முதல் 950 எம்பிபிஎஸ் வரை வந்தால் வலையமைப்பு குற்றமற்றது. எதிர்த் திசையை அளக்க அதே கட்டளையின் இறுதியில் சிறுகோடும் ‘ஆர்’ என்ற பேரெழுத்தும் சேர்த்தால் போதும்.

வட்டும் சிறு கோப்புகளும்

வலையமைப்பு குற்றமற்றது என்று தெரிந்துவிட்டால், நகலெடுக்கும்போது இரண்டு கணினிகளிலும் டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாட்டைப் பாருங்கள். எதில் 100 விழுக்காடு என்று நிற்கிறதோ அதுவே தடை. பழைய மடிக்கணினிகளின் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய கோப்பை நொடிக்கு 80 முதல் 100 எம்பி வரை எழுதும். ஆனால் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் என்றால் ஓரிரு எம்பிக்கு இறங்கிவிடும். ரவுட்டரின் பின்னால் சொருகிப் பகிரப்படும் பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். அந்தப் போர்ட் யுஎஸ்பி 2.0 ஆக இருந்தால் எவ்வளவு நல்ல வட்டை மாட்டினாலும் நொடிக்கு 30 முதல் 40 எம்பிதான் எல்லை. ரவுட்டரின் செயலி வலுவில்லாததாக இருந்தால் அதுவும் கிடைக்காது.

பெரிய கோப்பு வேகமாகவும் படத் தொகுப்பு மெதுவாகவும் செல்கிறது என்றால் அது பழுதன்று. ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், அனுமதி பார்த்தல், எழுதுதல், மூடுதல் என்று இரண்டு கணினிகளும் பலமுறை பேசிக்கொள்ள வேண்டியிருப்பதால், இருபதாயிரம் கோப்புகள் என்றால் அந்தப் பேச்சே நேரத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோப்புகளை 7-ஜிப் போன்ற நிரலால் சுருக்காமல் ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவது. படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் மேலும் சுருக்க முயல்வது வீண். மற்றொன்று, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற கட்டளையை அதன் ‘எம்டி’ விருப்பத்துடன் பயன்படுத்துவது. அது ஒரே நேரத்தில் எட்டு இழைகளாக, அதாவது எட்டுக் கோப்புகளை இணையாக, நகலெடுக்கும், வேண்டுமானால் எண்ணிக்கையைக் கூட்டலாம். இடையில் மின்சாரம் போனாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே முழுமையாகச் சென்ற கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பதால் நம் ஊருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

விண்டோஸ் தரப்பில் பார்க்க வேண்டியவை

அலுவலக மடிக்கணினியில் அலுவலக வலையமைப்புடன் இணைக்கும் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அதைத் துண்டித்துவிட்டு அளந்து பாருங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது வைஃபை மின்சேமிப்பு முறைக்குப் போகும் என்பதால் சார்ஜரை மாட்டிவிட்டு நகலெடுங்கள். வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் பரிசோதிப்பதாலும் தாமதம் வரலாம். சோதனைக்காக ஓரிரு நிமிடம் அதை நிறுத்தி வேறுபாட்டைப் பார்த்துவிட்டு உடனே இயக்கிவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கருவிகளுடன் பகிர்வதற்காக விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும் அறிவுரைகள் இன்னும் சுற்றிவருகின்றன. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகவே பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே நீக்கிவிட்டது. வேகத்துக்காகவோ வசதிக்காகவோ அதைத் திரும்ப அழைக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ப்ரோ உள்ளிட்ட வகைகளுக்கு எஸ்எம்பி சைனிங் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தகவல் துண்டும் இடையில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் ஏற்பாடு அது. பழைய செயலியுள்ள கணினியில் இதனால் வேகம் சற்றுக் குறையலாம். குறைந்தாலும் அதை அப்படியே விட்டுவைப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

நகலெடுக்கும் வேகம் நன்றாக இருந்தும் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்க மட்டும் பத்து, இருபது நொடி ஆகிறது என்றால், கணினியின் பெயரை முகவரியாக மாற்றுவதில்தான் தாமதம். பெயருக்குப் பதிலாக முகவரி எண்ணையே கொடுத்துத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால், ரவுட்டரின் அமைப்புகளில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டு அதையே பயன்படுத்தலாம். இப்போது இல்லாத கணினிகளை நோக்கி எப்போதோ இணைத்த நெட்வொர்க் டிரைவ்கள் இருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

ரவுட்டரையே ஒதுக்கிப் பார்க்கும் கடைசிச் சோதனை

இத்தனைக்குப் பிறகும் வேகம் வராவிட்டால், இரண்டு கணினிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஒரே லேன் கேபிளால் ஒன்றை மற்றொன்றுடன் நேரடியாக இணையுங்கள். கிகாபிட் போர்ட்களுக்குத் தனியாகக் கிராஸ் கேபிள் (கம்பிகளை மாற்றி இணைத்த கேபிள்) வேண்டியதில்லை; சாதாரணக் கேபிளே போதும். முகவரி வழங்க ரவுட்டர் இல்லாததால் சிறிது நேரத்தில் இரண்டு கணினிகளும் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அந்த முகவரியைக் கொண்டு பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கலாம். இந்த நேரடி இணைப்பில் 110 எம்பி கிடைத்து, ரவுட்டர் வழியாக மட்டும் கிடைக்கவில்லை என்றால், இப்போது ஒரு பொருளை வாங்கலாம். அதுவும் புதிய ரவுட்டராக இருக்க வேண்டியதில்லை. கேபிளில் இணைந்த கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான, ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போதும். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை அதற்குக் கொண்டுவந்து, இரண்டு கணினிகளையும் அந்த ஸ்விட்ச்சில் இணைத்துவிட்டால், இணையம் வழக்கம்போல ரவுட்டர் வழியாக வரும், கோப்புகள் ரவுட்டரைத் தொடாமல் ஸ்விட்ச்சுக்குள்ளேயே கிகாபிட் வேகத்தில் கடந்துவிடும்.